இருபத்தாறாவது வாரம்

போன வாரம், ஒரு பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை தரச் சொல்லி உத்தரவு கேட்கப் புறப்பட்ட அரசுத் தரப்பு வக்கீல்களை வாஷிங்டன் விமானத்தில் ஏற்றிவிட்டு ‘தொடரும்’ போட்டுவிட்டேன். ஒரு வாரமாக என்னைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நியாயம்தான். முதலில் அந்தப் பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன்.

அவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டவே இல்லை.

1982 ஏப்ரல் 15, வியாழன். இரவு மணி 10.03. இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன் ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையின் மூச்சு நின்றது. பிறந்து ஆறு நாள். வழக்குக் கட்டில் அதற்கு ‘பேபி டோ’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வெளியே தெரியாது.

பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்றது ஒரு தரப்பு. பெற்றவர்களின் வேதனையில் கோர்ட்டுக்கு என்ன வேலை என்றது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பையும் போன வாரமே விரிவாகப் பார்த்துவிட்டோம். ஒரே ஒரு முடிச்சை மட்டும் மறுபடி தொட்டுக்கொள்வோம். இந்த வாரக் கதைக்கு அது வேண்டும்.

உணவுக்குழாய் வயிற்றோடு சேராமல் பிறந்த பிள்ளை அது. வாய் வழியாக ஒரு சொட்டுப் பால் இறங்காது. ஆபரேஷன் உண்டு, அன்றைக்கே வழக்கத்தில் இருந்த ஆபரேஷன்தான். ஆனால் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோமும் இருந்தது. அது இல்லாத ஒரு குழந்தைக்கு இதே குறை இருந்திருந்தால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்டு நின்றிருக்க மாட்டார்கள். நேரே ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். குறை இருந்தது தொண்டைக்குக் கீழே. தகராறு நடந்தது மூளையைப் பற்றி.

பிரசவம் பார்த்த டாக்டர் வால்டர் ஓவன்ஸ், ஆபரேஷன் பலித்தாலும் உருப்படியான வாழ்க்கை என்று ஒன்று இந்தப் பிள்ளைக்கு இல்லை என்றார். குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் ஷாஃபர் உடனே ஆபரேஷன் செய்யச் சொன்னார். தகப்பன் பள்ளி ஆசிரியர். இப்படிப்பட்ட பிள்ளைகளோடு பழகியவர். ஓவன்ஸ் பக்கம் சாய்ந்தார். சனிக்கிழமை இரவு ஆஸ்பத்திரிக்கே வந்து விசாரித்த நீதிபதி ஜான் பேக்கர், டாக்டர்களே இரண்டுபட்டு நிற்கும்போது எந்த வழி என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டார்.

‘எங்களிடம் கொடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம்’ என்று குடும்பங்கள் முன்வந்தன. ஆனாலும் பிள்ளையின் தொண்டைக்குள் கடைசி வரை பால் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அமெரிக்கா கொதித்தது. ரீகன் அரசு ஆஸ்பத்திரிகளில் எச்சரிக்கை ஒட்டியது. புகார் சொல்ல இலவசத் தொலைபேசி எண் கொடுத்தது. அந்த விதிகளை 1986ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் இதற்கிடையில் 1984லேயே நாடாளுமன்றம் குழந்தை வதைத் தடுப்புச் சட்டத்தில் இதற்கென்று ஒரு திருத்தம் போட்டுவிட்டது. ஊனத்தைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பது இனி வதைக் கணக்கில் வரும்.

அமெரிக்கா அத்தோடு ஒரு கதவைச் சாத்தியது. கேள்வி சாகவில்லை. கடல் தாண்டி மும்பைக்கு வந்தது. வந்த இடத்தில் பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை.

*

2008, ஜூலை. மும்பையின் வடக்கு ஓரம், பாயந்தர். நடுத்தரக் குடும்பம். நிகேதா மேத்தாவுக்கு வயது 31. முதல் பிரசவம். கணவர் ஹரேஷ்.

ஸ்கேன் எடுத்தார்கள். சந்தேகம். மறுபடி எடுத்தார்கள். 24வது வாரத்தில் சந்தேகம் உறுதியானது.

வயிற்றில் இருந்த பிள்ளையின் இதயத்தில் முழு அடைப்பு. ரத்தக் குழாயில் வரும் அடைப்பைச் சொல்லவில்லை. இது மின்சார அடைப்பு. இதயத்தின் மேல் அறைகள் ‘துடி’ என்று கொடுக்கும் கட்டளை கீழ் அறைகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. கண்டக்டர் விசில் ஊதுகிறார், டிரைவருக்குக் கேட்கவில்லை. கீழ் அறைகள் தாமாகவே, தமக்குத் தோன்றிய நிதானத்தில் துடிக்கும். வயிற்றுப் பிள்ளையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்க வேண்டும். இந்த நிலையில் அதில் பாதி வருவதே பெரிது. அதோடு, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய்களும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. பிறந்தவுடன் பேஸ்மேக்கர் பொருத்தலாம். அதன் பேட்டரி தீரும்போது மாற்ற வேண்டும். பிள்ளை வளர வளர மறுபடி மாற்ற வேண்டும். வாழ்நாள் முழுக்க.

நிகேதா தன் மகப்பேறு மருத்துவர் நிகில் தாதரிடம் போனார். கர்ப்பத்தைக் கலைத்துவிடுங்கள் என்றார்.

தாதர் முடியாது என்றார்.

மனம் இல்லாமல் அல்ல, சட்டம் இல்லாமல். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தில் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பிள்ளை கடுமையான ஊனத்தோடு பிறக்கும் அபாயம் இருந்தால் கலைக்கலாம். அந்தப் பக்கம் போய்விட்டால் ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: தாயின் உயிர். பிள்ளையின் இதயம் அந்தக் கணக்கில் வராது. மீறிச் செய்யும் டாக்டர் ஜெயிலுக்குப் போகலாம்.

இதில் ஒரு வேடிக்கை. வேதனையான வேடிக்கை. பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கும் பெரிய ஸ்கேன் எடுப்பதே 18 முதல் 20 வாரத்துக்குள்தான். இதயத்தின் நுணுக்கமான கோளாறு தெளிவாகத் தெரிய அதற்கு மேலும் சில வாரம் பிடிக்கும். சட்டம் எழுதிய 1971ல் இந்த ஸ்கேனே நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கிடையாது. கருவி வளர்ந்தது. கோடு அங்கேயே நின்றது.

தாதர் இங்கே செய்ததுதான் அபூர்வம். பெரும்பாலான டாக்டர்கள் என்ன செய்வார்கள்? ‘சாரிம்மா, என் கையில் எதுவும் இல்லை’ என்பார்கள். அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடுவார்கள். சிலர் ‘நான் சொன்னதாகச் சொல்லாதீங்க’ என்று வேறு விலாசம் கொடுப்பார்கள். தாதர் இரண்டையும் செய்யவில்லை. நிகேதா, ஹரேஷோடு சேர்ந்து தானும் ஒரு மனுதாரராக மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கின் பெயரிலேயே அவர்தான் முதலில் நிற்கிறார்: நிகில் தாதர் எதிர் இந்திய ஒன்றியம்.

பேஷன்ட்டோடு டாக்டரும் கூண்டு ஏறியதுபோலத்தான். ஏன் செய்தார்? இந்தத் தாய் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை என்று அவருக்குத் தெரியும். 20 வாரம் தாண்டித் தெரியவரும் ஒவ்வொரு கோளாறும் இன்னொரு பெண்ணை இதே நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைக்கும்.

கேட்டது பெரிய விஷயம். 20 வாரத்துக்கு முன்பு பிள்ளையின் ஊனம் ஒரு காரணமாகச் செல்லும் என்றால், அதற்குப் பின்பும் செல்ல வேண்டும். சட்டத்தை அப்படிப் படியுங்கள்.

நீதிமன்றம் ஜே.ஜே. மருத்துவமனை டாக்டர்கள் குழுவிடம் அறிக்கை கேட்டது.

அறிக்கை வந்தது. பிள்ளை பாதிப்போடு பிறக்கும் வாய்ப்பு கணிசமாக இருக்கிறது என்றது.

மேத்தா தம்பதி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு திருத்திய அறிக்கை வந்தது. அந்த வாய்ப்பு மிகக் குறைவு என்றது.

ஒரே குழு. ஒரே பிள்ளை. ஒரே இதயம். இரண்டு அறிக்கை. புளூமிங்டனில் இரண்டு டாக்டர்கள் இரண்டுபட்டார்கள்; இங்கே ஒரே குழு இரண்டுபட்டு நின்றது.

நாட்கள் ஓடின. நிகேதாவின் கர்ப்பம் 26வது வாரத்தைத் தொட்டது. இதற்குமேல் ஒவ்வொரு நாளும் பிள்ளை வெளியே வந்து பிழைக்கும் சாத்தியம் கூடிக்கொண்டே போகும். கலைப்பதற்கும் பிரசவத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்.

ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை. நீதிபதிகள் ஆர்.எம்.எஸ். காண்டேபார்க்கர், அம்ஜத் சையத் அமர்வு.

தீர்ப்பு வாசிக்கத் தயாராகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தீர்ப்பைக் கேட்பதற்கு முன் உங்களை நம் ஊர் மலை ஒன்றுக்கு அழைத்துப் போக வேண்டும்.

*

தருமபுரி மாவட்டம், சித்தேரி மலை. அரூரிலிருந்து ஏற வேண்டும். மலை நெடுக மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். சாமையும் வரகும் மரவள்ளியும் விளையும் மண். விளைச்சல் போதாத வருஷங்களில் ஆண்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போவார்கள். கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்களுக்கு நெடுங்காலம் சாலையே கிடையாது. நோயாளி என்றாலும் பிரசவ வலி என்றாலும் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கியதுதான் அந்த ஊர்களின் வரலாறு.

இப்போது நிகேதாவை இங்கே கொண்டுவந்து வையுங்கள்.

24வது வாரத்தில் இதயத்தின் மின்சாரக் கோளாற்றை யார் கண்டுபிடிப்பார்கள்? அதற்கான எக்கோவைப் பார்க்கத் தெரிந்த டாக்டர் பெரிய ஊரில் இருப்பார். முதல் ஸ்கேனுக்கே மலை இறங்கி, பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு, அரூரில் வரிசையில் நிற்க வேண்டும். கிராமச் செவிலியர் வற்புறுத்தினால் போவார்கள். மழை பெய்தால் அடுத்த வாரம் என்பார்கள். அடுத்த வாரத்தில் நடவு வரும்.

ஆக, மும்பையில் பிறப்பதற்கு முன் எழுந்த கேள்வி, சித்தேரியில் பிறந்த பின்தான் எழும். பிள்ளை நீலம் பாய்ந்து கிடக்கும். அல்லது முதுகில் கட்டியோடு இருக்கும். அல்லது ஒரு கிலோகூட இருக்காது. அப்போது 108 வரும். அரூர் ஜி.ஹெச். ‘தருமபுரிக்குக் கொண்டுபோங்க’ என்று சீட்டு எழுதும். தருமபுரி மெடிக்கல் காலேஜ் சில சமயம் ‘சேலம்’ என்று எழுதும். தாய் தையலோடு மலையிலேயே படுத்திருப்பாள். பிள்ளையோடு போவது பாட்டியோ சித்தியோ. கணவன் திருப்பூரிலிருந்து பஸ் ஏறியிருப்பான்.

வார்டில் ஒரு டாக்டர் வருவார். பாட்டியிடம் பேசுவார்.

“காப்பாத்தினாலும் நடக்குமான்னு சொல்ல முடியாதும்மா. ரொம்ப நாள் வச்சிருக்கணும். என்ன சொல்றீங்க?”

பாட்டி என்ன சொல்வாள்? “நீங்க பாத்துச் சொல்லுங்க சாமி” என்பாள்.

பிறகு ஒரு காகிதம் வரும். டாக்டர் சொல்லை மீறி எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். கைநாட்டு. பிள்ளை துணியில் சுற்றப்பட்டு மலை ஏறும்.

பெயர் சொல்லி ஒரு குடும்பத்தின் கதையாக நான் இதைச் சொல்லவில்லை. நம் ஊர் பச்சிளங்குழந்தை வார்டுகளில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் அந்தக் காகிதத்தைத் தெரியும் என்பார்கள். புளூமிங்டனில் ஒரு நீதிபதி சனிக்கிழமை இரவு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மும்பையில் இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். இங்கே அதே முடிவு ஒரு கைநாட்டில் முடிந்துபோகிறது. வாதம் இல்லை, தீர்ப்பு இல்லை, பத்திரிகைச் செய்தி இல்லை.

செய்தியான ஒரு முறையும் உண்டு. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தார்கள். மாநிலமே அதிர்ந்தது. எடைக் குறைவு, பிறக்கும்போது மூச்சுத் திணறல் என்று காரணங்கள் வந்தன. அந்தக் காரணங்கள் வார்டுக்குள் பிறப்பவை அல்ல. சோகை பிடித்த தாயின் உடம்பிலும், தாமதமாகக் கிளம்பிய வண்டியிலும், நிறைமாதம் வரை நிற்காத கூலி வேலையிலும் பிறப்பவை.

இதை விதி என்று விட்டுவிடலாமா? விட முடியாது. பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஆயிரம் பிள்ளை பிறந்தால் நூற்றைம்பதை ஒட்டிய எண்ணிக்கை ஒரு வயதைக் காணாது. டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி அங்கே வந்து ஓலைக் கொட்டகையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பழக்கினார்கள். அந்தச் சாவு எண்ணிக்கை பல மடங்கு இறங்கியது. ‘காப்பாற்ற முடியாத பிள்ளை’ என்று நாம் சொல்வதில் பாதி, காப்பாற்ற யாரும் பக்கத்தில் இல்லாத பிள்ளை.

சரி. இதையும் மனத்தில் வைத்துக்கொண்டு மும்பைக்குத் திரும்புவோம். நீதிபதிகள் காத்திருக்கிறார்கள்.

*

மனு தள்ளுபடி.

அரங்கில் இருந்த தம்பதிக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் காரணங்கள் முக்கியம்.

முதல் காரணம், டாக்டர்களின் கருத்து. இந்தப் பிள்ளை கடுமையான ஊனத்தோடுதான் பிறக்கும் என்று எந்த நிபுணரும் அடித்துச் சொல்லவில்லை. இரண்டாவது அறிக்கை எதிராகவே சொல்கிறது. அப்படியிருக்க, 20 வாரத்துக்கு முன்பே வந்திருந்தாலும் அனுமதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே என்றது நீதிமன்றம்.

இரண்டாவது காரணம், சட்டம். கோட்டை நகர்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை. நீதிபதிகள் பேனாவை எடுத்து 20ஐ அடித்துவிட்டு 26 என்று எழுத முடியாது.

இரக்கம் இல்லாத தீர்ப்பா?

அவசரப்படாதீர்கள். அந்தக் கோட்டைத் தளர்த்த ஏன் தயக்கம் இருந்தது என்பதைத் தருமபுரிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் பிறந்தது. 2001ல் தருமபுரிக்கும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் வந்தது. பெண்ணாகப் பிறந்ததே குறை என்று எண்ணிய வீடுகள் இருந்த மண் இது. ‘இந்தப் பிள்ளை வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையை அகலத் திறந்துவிட்டால், அந்த வாசல் வழியாக யார் யாரெல்லாம் நுழைவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. மாற்றுத்திறனாளிகள் பலர் அன்று கேட்ட கேள்வியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது: இன்றைக்கு இதயம் என்றால் நாளைக்குக் கால், நாளை மறுநாள் கண். எங்களில் யார் பிறந்திருப்போம்?

கூர்மையான கேள்வி. பேஸ்மேக்கரோடு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நிகேதா பக்கம் நின்று பாருங்கள். வழக்குப் போட்டது சுமை வேண்டாம் என்பதற்காக அல்ல. பிறந்த நாளிலிருந்து கத்திக்கும் கருவிக்கும் நடுவே துடிக்கப்போகும் பிள்ளையைப் பார்க்க முடியாது என்றார்கள். தெரிந்தே அந்த வலிக்குள் அனுப்புவதா என்றார்கள். அதைச் சுயநலம் என்று எப்படித் தள்ளுவது? நாடெங்கும் தொலைக்காட்சியில் அவர்களைத் திட்டினார்கள். சிகிச்சைச் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று முன்வந்தவர்களும் உண்டு. புளூமிங்டனில் தத்து எடுக்க வந்த குடும்பங்கள் ஞாபகம் வருகிறதா? ஒரு பிள்ளை செய்தியானால் கை நீட்ட ஆள் வரும். செய்தியாகாத பிள்ளைக்கு?

தீர்ப்பு வந்து பத்து நாள் ஆகியிருக்கும்.

ஆகஸ்ட் நடுவில் நிகேதா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்.

கர்ப்பம் தானாகவே கலைந்தது.

நீதிமன்றமும் மருத்துவர் குழுவும் சட்டமும் மாறி மாறி வாதாடிய கேள்விக்கு உடம்பே பதில் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளை பிழைத்திருக்குமா, எப்படி வாழ்ந்திருக்கும் என்பதற்கு இனி யாரிடமும் விடை இல்லை.

தாதர் அத்தோடு விடவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அடுத்தடுத்த ஆண்டுகளில், இதே நிலையில் சிக்கிய பல பெண்கள் நீதிமன்றம் போகத் துணை நின்றார். ஒவ்வொரு வழக்கிலும் ஒரு மருத்துவர் குழு, ஒரு அறிக்கை, ஓடிக்கொண்டிருக்கும் வாரங்கள். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு மறுக்கப்பட்டது. நிகேதா வழக்கு நடந்த சமயத்தில் டெல்லியில் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் அன்புமணி ராமதாஸ். பின்னாளில் இதே தருமபுரியின் மக்களவை உறுப்பினராகவும் இருந்தார். சட்டத்தைத் திருத்தலாமா என்ற பேச்சு அப்போதே எழுந்தது.

பேச்சு சட்டமாக 13 வருஷம் ஆயிற்று. 2021 திருத்தம் சில பிரிவுப் பெண்களுக்குக் கோட்டை 24 வாரத்துக்கு நகர்த்தியது. பிள்ளைக்குக் கடுமையான கோளாறு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் வாரக் கணக்கே இல்லை என்றது.

நல்ல திருத்தம்தான். ஆனால் கவனித்தீர்களா? முடிவு மறுபடியும் ஒரு டாக்டர் குழுவின் அறிக்கையில் வந்து நிற்கிறது. ஓவன்ஸ் சொன்னதை நம்பி ஒரு தகப்பன் தலையாட்டினான். ஜே.ஜே. குழுவின் இரண்டாவது அறிக்கையை நம்பி ஒரு நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. “நீங்க பாத்துச் சொல்லுங்க சாமி” என்று ஒரு பாட்டி கைநாட்டு வைக்கிறாள். மூன்று இடத்திலும் ‘யாருக்கு உரிமை’ என்பதுதான் கேள்வி. உரிமை யார் கையில் இருந்தாலும், அவர்கள் காதில் விழுந்தது என்ன என்பதே முடிவைத் தீர்மானித்தது.

என் தீர்ப்பு இது. பெற்றவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் ஒரு டாக்டரின் ஒரு வாக்கியத்தை வைத்து அல்ல. இரண்டாவதாக ஒரு குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும். அதே குறையோடு பிள்ளை வளர்க்கும் ஒரு குடும்பத்தோடு பேச வழி செய்ய வேண்டும். செலவுக்குக் காப்பீடு உண்டா என்பதைக் காகிதம் நீட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும். சிகிச்சை வலியை மட்டுமே நீட்டும் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லி, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆஸ்பத்திரி ஏற்க வேண்டும். இத்தனையும் நடந்த பிறகு ஒரு தாய் ‘போதும்’ என்றால், அவளைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. இதில் எதுவுமே நடக்காமல் வாங்கப்படும் கைநாட்டு முடிவு இல்லை. கைவிட்டதற்கான ரசீது.

சித்தேரியிலோ அரூரிலோ இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். அந்தக் காகிதம் உங்கள் வீட்டாரிடம் நீட்டப்பட்டால், உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ‘இன்னொரு டாக்டர் பார்த்துட்டாரா? காப்பீட்டு அட்டையில இது வருமா?’ என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு ஆகாது.

இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. மிகக் கடினமான பாக்கி.

2021 திருத்தம் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு. பிறந்து, மூச்சு விட்டு, ஆனால் தொட்டாலே தோல் உரிந்து அலறும் பிள்ளைக்கு? நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் எடுவார்ட் ஃபெர்ஹாகன் என்ற குழந்தை மருத்துவர் முன்னால் அப்படி ஒரு பிள்ளை கிடந்தது. கட்டு மாற்றும்போதெல்லாம் கட்டோடு தோலும் வந்தது. பெற்றவர்கள் அவரிடம் சிகிச்சையை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு படி மேலே போய் ஒன்றைக் கேட்டார்கள்.

சட்டப்படி அது கொலை.

ஃபெர்ஹாகன் என்ன பதில் சொன்னார்? அந்தப் பதில் உலகத்தையே ஏன் இரண்டாகப் பிளந்தது?

அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)